வயதைத்தான் முதலில் கேட்கிறோம்

ஐயா,

2021 மே இறுதியில் அன்றாடக் கொரோனா தொற்று எண்ணிக்கையில் கோவை மாவட்டம் சென்னையையே முந்தியது. அந்த நாட்களில் பவானிப் பக்கம் யார் இறந்த செய்தி வந்தாலும் முதலில் எழுந்த கேள்வி, "வயது என்ன?" எழுபதைத் தாண்டியவர் என்றால், "சரி, வாழ்ந்து முடித்தவர்தானே" என்று பேச்சு நின்றுவிடும். என் அப்பாரு (தாத்தா) விஷயத்திலும் அப்படித்தான் நின்றது. எழுபத்தெட்டு வயதிலும் விடியும் முன்பே காளிங்கராயன் வாய்க்கால் தண்ணீரை மஞ்சள் வயலுக்குத் திருப்பிவிட்டவர் அவர். இன்றும் மடை திறக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சடங்குகளை நடத்தித் தரும் பெரியவரான அருமைக்காரர் கை படாமல் கல்யாணச் சீர் நடக்காத குடும்பங்கள் நம்முடையவை. ஊரடங்கிலும் கோவை அருகே வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கே இட்லி விற்ற கமலாத்தாள் எண்பதைக் கடந்தவர். அவரைக் கொண்டாடிய அதே வாயால், "வயதானவர்கள்தானே போகிறார்கள்" என்று எப்படிச் சொன்னோம்?

இப்போதும் காய்ச்சல் பரவினால் பெரியவர்களைத் தனி அறையில் விட்டு, சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு நகர்கிறார்கள். தள்ளி இருப்பது சரிதான். ஆனால் தினமும் கதவோரம் ஒரு நாற்காலியைப் போட்டு, முகக்கவசத்தோடு கால் மணி நேரமாவது அவர்களிடம் பேசுங்கள். அப்பாருவிடம் நான் அதைச் செய்யவில்லை.

ஒரு வாசகர்,
பவானி, ஈரோடு மாவட்டம்