641 ஆல் வகுத்துப் பார்த்தேன்

கல்லடி, மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. சிறுபோக வேளாண்மை கைகொடுத்துவிட்டது என்று வாசித்ததும் மனம் குளிர்ந்தது. இங்கே கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை. மற்றபடி எல்லோரும் சுகம்.

உயர்தரம் படிக்கும்போது 65537 முதன்மை எண்தானா என்று அறிய, அரிக்கன் விளக்கடியில் ஓர் இரவு முழுக்க இருந்து வகுத்தோமே, நினைவிருக்கிறதா? அதன் வர்க்கமூலம் 256 ஐச் சற்றே தாண்டுவதால், அதற்குள் இருக்கும் முதன்மை எண்களால் வகுத்தால் போதும்: 2 முதல் 251 வரை 54 முதன்மை எண்கள். உனக்கு 27, எனக்கு 27. விடியும்வரை ஒன்றுகூட அதை மீதியின்றி வகுக்கவில்லை. 2 இன் 1, 2, 4, 8, 16 ஆம் வலுக்களுடன் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்று எல்லாம் முதன்மை எண்களாகவே வரிசை பிசகாமல் வந்ததால், அடுத்த 4294967297 உம் முதன்மை எண்ணே என்று கொப்பி அட்டையில் எழுதினாய். நானும் கீழே கையொப்பம் வைத்தேன்.

பிழை, மச்சான். 1640 இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் பெர்மாவும் நம்மைப் போலத்தான் நம்பினார். 2 இன் 32 ஆம் வலுவுடன் 1 கூட்டிய அந்த எண்ணை 1732 இல் கணித அறிஞர் ஒயிலர் காரணிகளாக உடைத்துவிட்டார். அதன் காரணி எதுவானாலும் 64 இன் மடங்கை விட 1 கூடியதாகவே இருக்கும் என்பது விதி. அப்படிப் பார்த்தால் சோதிக்க வேண்டிய முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே அகப்பட்டுவிடுகிறது!

பேத்தியின் கால்குலேட்டரில் எட்டு இலக்கத்துக்கு மேல் விழாது. ஆகவே கையாலேயே வகுத்தேன். முதலில் 6 போட்டதும் மீதி 448. 9 ஐ இறக்கினால் 4489. 7 போட்டு மீதி 2. பிறகு இரண்டு பூச்சியம், 4, 1. மறுபடியும் அதே 448! இம்முறை இறங்கியது 7. 4487 என்பது ஏழு 641, மிச்சமே இல்லை. விடை 6700417, அதுவும் முதன்மை எண். பென்சிலை வைத்துவிட்டு அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம்முடைய 65537 க்கும் இதே விதி உண்டு. அங்கே 32 இன் மடங்கை விட 1 கூடிய எண்கள். 256 க்குள் அப்படி இருக்கும் முதன்மை எண்கள் 97, 193 இரண்டுதான். இரண்டே வகுத்தலில் முடிந்திருக்கும். 54 தடவை வகுக்கச் சொன்ன பாடத்தில் இதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வரிசையில் அடுத்தது, 2 இன் 64 ஆம் வலுவுடன் 1 கூட்டிய 18446744073709551617. அதை 1880 இல் உடைத்த லாண்ட்ரி என்ற கணிதக்காரருக்கு அப்போது வயது 82. நாம் அவருக்கு இளையவர்கள். நெல்லுக் கணக்கு முடிந்ததும் அதை 274177 ஆல் வகுத்து, வந்த விடையை எழுதி அனுப்பு. என் தாளோடு ஒத்துப் பார்க்கிறேன்.

உன் பழைய வாங்குத் தோழன்