கீரைக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய்

அன்புள்ள கண்மணிக்கு,

எண்ணெய், நெய் இரண்டையும் நான்கு மாதமாக அடியோடு நிறுத்திவிட்டதாக நேற்று போனில் சொன்னாய். முருங்கைக்கீரையைக்கூட உப்புப் போட்டு வேகவைத்து அப்படியே சாப்பிடுகிறாயாம். எட்டு கிலோ குறைந்த மகிழ்ச்சி உன் குரலில் தெரிந்தது. அதைக் கெடுக்க மனம் வராமல் போனை வைத்துவிட்டேன். இரவு தூக்கம் வரவில்லை.

நீ சின்னவளாக இருந்தபோது வெள்ளிக்கிழமைதோறும் உன் தலையில் நல்லெண்ணெய் தேய்த்துவிடுவேனே, நினைவிருக்கிறதா? வெறும் தண்ணீரை எத்தனை சொம்பு ஊற்றினாலும் எண்ணெய் போகாது. சீயக்காய் பட்ட பிறகுதான் தண்ணீரோடு சேர்ந்து இறங்கும். குடலுக்குள்ளும் அதே சிக்கல்தான். அங்கே சீயக்காயின் வேலையைச் செய்வது பித்தநீர். கல்லீரல் அதை நாள் முழுவதும் சுரக்கிறது. பித்தப்பை அதை வாங்கிச் சேமித்துக் கெட்டியாக்குகிறது. நாம் உண்ட கொழுப்பு முன்சிறுகுடலை எட்டியதும் குடற்சுவரிலிருந்து ஒரு ஹார்மோன் கிளம்பும். உடனே பித்தப்பை சுருங்கித் தன்னிடம் உள்ளதை ஊற்றும். எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறும். கணையம் அனுப்பும் லிபேஸ் என்ற நொதி அந்தத் துளிகளில் உள்ள கொழுப்பை உடைக்கும்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் நான் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் ஆசையோடு நடத்திய பகுதி. உடைந்த கொழுப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும் குடற்செல்கள், அதை மறுபடியும் ஒட்டிச் சேர்த்து, புரதம் கலந்த உறைக்குள் வைத்துப் பொட்டலமாக்குகின்றன. கைலோமைக்ரான் என்று அதற்குப் பெயர். சர்க்கரை இரத்தத்தில் கலந்து நேரே கல்லீரலுக்குப் போகும். இந்தப் பொட்டலங்களுக்கோ தனிப் பாதை: நிணநீர்க் குழாய்களில் புகுந்து, மார்பு வழியாக மேலேறி, இடது கழுத்தெலும்புக்கு அருகில்தான் இரத்தத்தோடு சேர்கின்றன. 1622இல் காஸ்பரே அசெல்லி என்ற இத்தாலிய மருத்துவர், சற்றுமுன் உணவு உண்டிருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலைச் சுற்றி வெள்ளை இழைகளைக் கண்டார். நரம்பு என்று நினைத்து ஒன்றை வெட்டினார். பால் போன்ற திரவம் வழிந்தது. பட்டினி கிடந்த நாயில் அது தென்படவில்லை. கொழுப்புக்கென்றே உடம்பு போட்டுவைத்திருக்கும் பாதை அது, கண்ணம்மா. கீரையின் கரோட்டீனும் கே வைட்டமினும் அந்தக் கொழுப்போடு சேர்ந்துதான் உள்ளே போகும். எண்ணெயே இல்லாமல் நீ சாப்பிடும் கீரையில் அவற்றில் கணிசமான பகுதி வீணாகிறது.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ விடுதியில் கடைசி ஆண்டுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது நான் சித்தி வீட்டுக்குப் போயிருப்பதாக அப்பா சொன்னாரல்லவா? மருத்துவமனையில் இருந்தேன். அதற்கு முன் நானும் உன்னைப் போலவே எண்ணெயை விட்டு, மூன்று மாதத்தில் 11 கிலோ குறைத்திருந்தேன். எடை வேகமாகக் குறையும்போது கல்லீரல் பித்தநீரில் கொலஸ்டிராலை அதிகமாகத் தள்ளும். கொழுப்பே வராததால் பித்தப்பையும் சரியாகச் சுருங்காது. தேங்கியது கல்லாகிவிடும். பாடம் நடத்தியவள்தான், என் உடம்பில் நடந்ததைக் கவனிக்கவில்லை. பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். இன்று என் பித்தநீர் சேமிக்க இடமில்லாமல் குடலில் சொட்டிக்கொண்டே இருக்கிறது. கல்யாண விருந்தில் நான் நெய்யை வேண்டாம் என்பது அதனால்தான்.

ஒரு டீஸ்பூன் எண்ணெயில் சுமார் 40 கலோரிதான். பொரித்ததைத் தொடாதே, சரி. கீரைக்குத் தாளிதம் போடு, பருப்பில் அரை டீஸ்பூன் நெய் விடு. மாதம் இரண்டு கிலோவுக்கு மேல் குறைக்காதே. சாப்பிட்ட பின் வலது விலாவுக்குக் கீழே வலித்து, முதுகுப் பக்கம் பரவினால் வாயுத் தொல்லை என்று சமாளிக்காமல் அன்றே டாக்டரைப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்.

சனிக்கிழமை அப்பா அங்கே வருகிறார். செக்கு நல்லெண்ணெய் அரை லிட்டரும் இட்லிப் பொடியும் கொடுத்தனுப்புகிறேன். பொடியைக் குழைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

அன்புடன்,
அம்மா