பக்கத்து ஊர் அணியோடு ஆடுங்கள்: ஒரிகன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பல்கலைக்கழகத் தலைவருக்கும் அறங்காவலர் குழுவினருக்கும்,

வணக்கம். 2026ஆம் ஆண்டுக்கான உங்கள் ஃபுட்பால் அட்டவணையில் ஒரிகன் ஸ்டேட் அணியின் பெயர் இல்லை. 1945இலிருந்து ஒரு வருடம்கூட விடாமல் நடந்துவந்த ஆட்டம் இது. அதற்கு முன் கடைசியாக நின்றது 1943, 1944 ஆகிய இரண்டு ஆண்டுகளில். அப்போது உலகப் போர். ஆட வேண்டிய பையன்கள் ராணுவத்தில் இருந்தார்கள். 2020இல் கோவிட் காலத்தில்கூட, பார்வையாளர்களே இல்லாத அரங்கத்தில் இரண்டு அணிகளும் ஆடின. ஒரிகன் ஸ்டேட்காரர்களான நாங்கள் 41-38 என்று ஜெயித்தோம். இப்போது போரும் இல்லை, நோயும் இல்லை. அட்டவணையில் இடம் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான். அந்த இடத்தை மறுபடி ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் ஒரிகன் ஸ்டேட் இருக்கும் கோர்வாலிஸில் முதுகலை படித்தவன், எங்கள் அணியின் ஆரஞ்சுச் சட்டைக்காரன். இப்போது ஹில்ஸ்பரோவில் வேலை செய்கிறேன். சிப் தொழிற்சாலைகளை நம்பி இங்கே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பிள்ளைகளில் ஒருத்தி யூஜீனில் உங்களிடம் படிப்பாள், அவள் தம்பி கோர்வாலிஸில் எங்களிடம் படிப்பான். ஆங்கிலத்தில் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியதை அந்த வீடுகளிலும் படிக்கட்டும் என்று தமிழிலும் எழுதுகிறேன்.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம். கல்லூரி அணிகள் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்புகளில் சேர்ந்து ஆடும். பெரும்பாலான ஆட்டங்கள் யாரோடு, தொலைக்காட்சிப் பணத்தில் யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் கான்ஃபரன்ஸின் கையில்.

பசிபிக் கரையின் கான்ஃபரன்ஸ் 1915 டிசம்பரில் போர்ட்லாந்தில் உருவானது. அதைத் தொடங்கிய நால்வரில் நீங்களும் உண்டு, நாங்களும் உண்டு. மற்ற இருவர் கலிஃபோர்னியாவும் வாஷிங்டனும். பெயர் பலமுறை மாறியது, 1959இல் ஒருமுறை கலைந்தது, பிறகு கூடியது, கடைசியில் பேக்-12 என்று ஆனது. 2022 ஜூன் 30 அன்று தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் யுசிஎல்ஏவும் பிக் டென் என்ற வேறொரு கான்ஃபரன்ஸுக்குப் போவதாக அறிவித்தன. அடுத்த ஆண்டு ஜூலையில் கொலராடோ கிளம்பியது. 2023 ஆகஸ்ட் 4, ஒரே வெள்ளிக்கிழமை: நீங்களும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு; அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12 என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்கு. செப்டம்பர் முதல் தேதி ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் அட்லாண்டிக் கரை கான்ஃபரன்ஸில் சேர்ந்தன. பசிபிக் கரையில் இருந்துகொண்டு அட்லாண்டிக் கரையில்! மிஞ்சியது ஒரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும். அதே செப்டம்பரில்தான், 16 கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் புதுப்பித்த ரீசர் அரங்கத்தை எங்கள் ஊரில் திறந்தார்கள். பெரிய கான்ஃபரன்ஸில் இருக்கிறோம் என்ற நம்பிக்கையில் கட்டியது. அந்த ஆண்டு உங்களிடம் 31-7 என்று தோற்ற மறுநாளே எங்கள் பயிற்சியாளர் ஜோனதன் ஸ்மித்தை மிச்சிகன் ஸ்டேட் கூட்டிக்கொண்டு போனது. அதுவும் பிக் டென் அணிதான். அவர் எங்கள் பழைய மாணவர், எங்கள் அணியில் பாஸ் வீசி ஆட்டத்தை நடத்திய பழைய குவார்ட்டர்பேக். அந்த வாரம் கோர்வாலிஸ்காரர்கள் பட்ட வலியை நான் விவரிக்கப் போவதில்லை.

நீங்கள் போனது தவறு என்று வாதாடவும் போவதில்லை. பிக் டென் 2022இல் போட்ட தொலைக்காட்சி ஒப்பந்தம் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல். உங்கள் இடத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் அதைத் தட்டிக்கழிப்பது சிரமம். இந்த வழி 1984இலேயே திறந்துவிட்டது. அதுவரை எந்தக் கல்லூரி ஆட்டம் எத்தனை முறை டிவியில் வரலாம் என்பதைக் கல்லூரி விளையாட்டுகளின் தேசிய அமைப்பான என்சிஏஏ தீர்மானித்தது. ஓக்லஹோமா பல்கலைக்கழகம் தொடர்ந்த வழக்கில், அந்தக் கட்டுப்பாடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 7-2 என்று தீர்ப்பளித்தது. மாறுபட்டு எழுதிய நீதிபதி பைரன் வைட் கொலராடோவில் கல்லூரி ஃபுட்பால் ஆடிப் புகழ்பெற்றவர். அன்றிலிருந்து கான்ஃபரன்ஸின் வேலையே ஒளிபரப்பு உரிமையை விற்பது என்றாகிவிட்டது. விற்பவர்கள் பெரிய நகரங்களையும் பெரிய பெயர்களையும் சேர்த்துக் கட்டத்தானே பார்ப்பார்கள். யூஜீனிலிருந்து பிளேன் ஏறி நான்காயிரம் கிலோமீட்டர்கிட்டப் பறந்து நியூ ஜெர்சியில் ரட்கர்ஸோடு மோதுவது இப்போது உங்களுக்குக் கான்ஃபரன்ஸ் ஆட்டம். சரி, ஆடுங்கள். கோர்வாலிஸ் உங்களுக்கு 65 கிலோமீட்டர். மாணவர்கள் காரிலேயே ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம்.

இந்த ஆட்டம் 1894இல் தொடங்கியது. அதன் மதிப்பு எந்த ரேங்கிங்கிலும் தெரியாது. 1983இல் மழையில் பந்தை மாறி மாறி நழுவவிட்டு, பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல்களைத் தவறவிட்டு 0-0 என்று முடித்தார்கள். முதல் நிலைக் கல்லூரி ஃபுட்பாலில் புள்ளியே இல்லாமல் டிராவான கடைசி ஆட்டம் அது. 1996இல் கூடுதல் நேரம் வந்துவிட்டதால் அந்தப் பெயரை இனி யாரும் பறிக்க முடியாது. இரண்டு ஊரிலும் பெரியவர்கள் அந்த மோசமான ஆட்டத்தைப் பெருமையோடு சொல்வார்கள், நேரில் பார்த்தோம் என்று. 2009இல் ஜெயிப்பவர் ரோஸ் பவுல் என்ற புகழ்பெற்ற சீசன் முடிவு ஆட்டத்துக்கு என்ற நிலையில் நீங்கள் 37-33 என்று ஜெயித்தீர்கள். 2022இல் ரீசர் அரங்கத்தில் 31-10 என்று பின்தங்கியிருந்த நாங்கள், பாஸ் வீசுவதை ஏறக்குறைய விட்டுவிட்டுப் பந்தைச் சுமந்து ஓடியே 38-34 என்று முடித்தோம். அந்தத் தோல்வியால் நீங்கள் கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்துக்கே போக முடியவில்லை. திங்கட்கிழமை ஆபீஸில் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒஹையோ ஸ்டேட்டிடம் தோற்றால் ஒஹையோக்காரன் முகத்தை நீங்கள் மறுபடி பார்க்க வேண்டியதில்லை. பீவர்ஸ் என்ற எங்கள் அணியிடம் தோற்றால் பக்கத்து மேசையில் ஒருவன் ஆரஞ்சுச் சட்டையோடு வந்து உட்காருவான், ஒரு வருடம் முழுக்க. டக்ஸ், அதாவது வாத்துகள் என்ற உங்கள் அணி ஜெயித்தால் அதே மேசையில் நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம். பங்காளிச் சண்டை மாதிரிதான். முறைத்துக்கொண்டே இருந்தாலும் கல்யாணப் பத்திரிகை வைக்காமல் விட முடியாது.

பிளாட்டிபஸ் கோப்பையையும் சொல்ல வேண்டும். வாத்தின் அலகும் பீவரின் வாலும் ஒன்றாக இருக்கும் ஒரே பிராணி அதுதானே! 1959இல் உங்கள் ஓவியத்துறை மாணவர் வாரன் ஸ்பேடி மேப்பிள் மரத்தில் செதுக்கிய சிலை அது. சில வருடங்களிலேயே காணாமல் போய், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்தது. 2007இலிருந்து ஜெயித்தவர்களின் பழைய மாணவர் சங்கம் அதை வாங்கிக்கொள்கிறது. 2025 செப்டம்பரில் 41-7 என்று ஜெயித்ததால் இப்போது அது உங்கள் பக்கம். எங்களுக்கு அதைத் திரும்பப் பெற ஒரு ஆட்டம் வேண்டும்.

ஏன் ஆட முடியாது என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் எனக்குத் தெரியும். பிக் டென்னில் ஒன்பது கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள். மீதி மூன்று இடங்கள்தான். தேசியப் பட்டத்துக்கான 12 அணி பிளேஆஃப் வந்த பிறகு அந்த மூன்றில் ஒன்றையாவது பெயர் சொல்லும் அணிக்குக் கொடுக்க வேண்டும், சொந்த ஊர் ஆட்டங்கள் குறையக் கூடாது, டிக்கெட் வருமானம் வேண்டும். எல்லாம் நியாயமான கணக்குதான். ஆனால் அதே பிக் டென்னில், அதே ஒன்பது ஆட்டங்களுக்கு நடுவே அயோவா ஒவ்வொரு செப்டம்பரிலும் பிக் 12இல் உள்ள அயோவா ஸ்டேட்டோடு ஆடுகிறது. அந்த இரண்டு அணிகளும் 1934க்குப் பிறகு 43 ஆண்டுகள் மோதாமலே இருந்தன. 1977இல் மறுபடி தொடங்கி, கோவிட் ஆண்டு நீங்கலாக இன்றுவரை விடவில்லை. உங்களோடு கைகோத்துக் கிளம்பிய வாஷிங்டனைப் பாருங்கள். அது கிளம்பிய அதே 2023 நவம்பரில் வாஷிங்டன் ஸ்டேட்டோடு உட்கார்ந்து ஆப்பிள் கோப்பை ஆட்டத்தை 2028 வரை நீட்டித்தது. 2024இல் சியாட்டிலில் 24-19 என்று தோற்றது. தோற்ற பிறகும் 2025இல் வாஷிங்டன் ஸ்டேட்டின் ஊரான புல்மனுக்குப் போய் ஆடியது. அவர்களுக்கு முடிகிறது என்றால் உங்களுக்கும் முடியும்.

எங்கள் அணி இப்போது பலவீனமானது என்பதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். உண்மைதான். 2024இல் எங்கள் ஊரிலேயே 49-14 என்று அடித்துவிட்டுப் போனீர்கள். ஆனால் 1971 முதல் 1998 வரை 28 சீசன்கள் தொடர்ச்சியாக நாங்கள் வெற்றியைவிடத் தோல்வி அதிகமாகத்தான் முடித்தோம். அந்த 28 ஆண்டுகளிலும் நீங்கள் எங்களோடு ஆடினீர்கள். அப்போது யாரும் எங்கள் பலத்தை எடைபோட்டுப் பார்க்கவில்லை.

என் பக்கத்து ரசிகர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். 'விட்டுப்போனவர்களோடு இனி ஆடவே கூடாது, அவர்களுக்கு ஏன் நாம் கூட்டம் சேர்த்துக் கொடுக்க வேண்டும்' என்று நம்மில் பலர் கோபமாகப் பேசுகிறோம். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்த வழியில் போனவர்களின் கதை தெரிந்ததுதான். டெக்சாஸ் ஏ அண்ட் எம் வேறு கான்ஃபரன்ஸுக்குக் கிளம்பியபோது டெக்சாஸோடு 1894இல் தொடங்கிய ஆட்டம் 2011 நவம்பரோடு நின்றது. யார் முதலில் இறங்கிவருவது என்ற வீம்பிலேயே 13 ஆண்டுகள் போயின. இரண்டு அணிகளும் மறுபடி ஒரே கான்ஃபரன்ஸில் சேர்ந்த பிறகுதான் 2024 நவம்பரில் மோதின. நடுவில் மூன்று தலைமுறை மாணவர்கள் அந்த ஆட்டத்தைப் பார்க்காமலே பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் 2023 நவம்பரில் கடைசியாக மோதியதோடு நிற்கின்றன. நாங்களும் நீங்களும் மறுபடி ஒரே கான்ஃபரன்ஸில் சேர்வோம் என்று காத்திருக்க எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் பேக்-12 இப்போது பாய்ஸி ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட் என்று புதியவர்களைச் சேர்த்து வேறு பாதையில் போகிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. 2027இல் தொடங்கி பத்து ஆண்டுகளுக்கு ஒரு ஒப்பந்தம், ஒரு வருடம் யூஜீனில், ஒரு வருடம் கோர்வாலிஸில். நவம்பர் கடைசி வாரம் வேண்டும் என்று கேட்கவில்லை. அந்த வாரம் இப்போது உங்களுக்கும் வாஷிங்டனுக்குமானது என்று தெரியும். செப்டம்பரே போதும், ஆனால் எந்த சனிக்கிழமை என்பது முக்கியம். நம் இரண்டு பல்கலைக்கழகங்களிலும் வகுப்புகள் செப்டம்பர் கடைசியில்தான் தொடங்கும். 2024இல் 14ஆம் தேதியும் 2025இல் 20ஆம் தேதியும் ஆடியபோது வகுப்பே தொடங்கவில்லை. மாணவர்களின் ஆட்டம் மாணவர்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. செப்டம்பர் கடைசி சனிக்கிழமை, முடியாவிட்டால் அக்டோபர் முதல் சனிக்கிழமையை இதற்கென்றே விட்டுவைக்கும்படி பிக் டென்னிடம் கேளுங்கள். வெளியூர் ரசிகர்களுக்கு என்று ஒதுக்கும் டிக்கெட்டில் ஒரு பங்கை மாணவர் விலைக்குக் கொடுங்கள். பேருந்து விடுவதை இரண்டு மாணவர் சங்கங்களும் பார்த்துக்கொள்ளும்.

'உள்நாட்டுப் போர்' என்ற பழைய பெயர் இந்த ஆட்டத்துக்கு வேண்டாம் என்று 2020இல் இரண்டு பல்கலைக்கழகங்களும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுத்தீர்கள். அதேபோல இப்போதும் உட்காருங்கள். எங்கள் தலைவருக்கும் இதே கடிதத்தின் ஒரு பிரதியை அனுப்பியிருக்கிறேன். உங்கள் அடுத்த அறங்காவலர் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்தால், பொதுமக்கள் கருத்துக்கான நேரத்தில் பேச ஹில்ஸ்பரோவிலிருந்து நான் வருகிறேன். பச்சைச் சட்டை போட்ட நண்பர்கள் சிலரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரிகன் ஸ்டேட் பழைய மாணவன் ஒருவன்
ஹில்ஸ்பரோ, ஒரிகன்