சம்பளத்தைத் தொடாத படை

ஆசிரியருக்கு வணக்கம். உங்கள் இதழில் வந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய கட்டுரையில் 54ஆவது மாசசூசெட்ஸ் படைக்கு ஒரு வரிகூட இல்லாதது வருத்தம் தந்தது. 1863இல் வட மாநிலங்களின் தரப்பில் கறுப்பினத் தொண்டர்களைத் திரட்டி அமைத்த காலாட்படை அது. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கோ 10, அதிலும் உடைக்கென்று 3 பிடித்தம். சரிசமமாகத் தராத காசு வேண்டாம் என்று ஓராண்டுக்கும் மேல் கை நீட்டாமலேயே சண்டை போட்டார்கள். மீதியைத் தாங்கள் தருவதாக மாநில அரசு சொல்லியும் வாங்கவில்லை. எப்பேர்ப்பட்ட மானம்!

1863 ஜூலை 18இல், தென் மாநிலங்களின் தரப்பிடம் இருந்த வாக்னர் கோட்டையைத் தாக்கியபோது இந்தப் படையின் தளபதி ராபர்ட் ஷா மாண்டார். சார்ஜென்ட் வில்லியம் கார்னி உடம்பெல்லாம் குண்டுக் காயத்தோடு, கொடியைத் தரையில் படவிடாமல் மீட்டு வந்தார். அவருக்குப் பதக்கம் கிடைத்தது 1900இல்தான். இந்தப் படைக்கென்று தனிக் கட்டுரை ஒன்றை அவசியம் வெளியிடுங்கள்.

- வாசகர், திருச்சி