செயல்படாத மனித கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 2 புரதம் குறித்த புகார்

பெறுநர்: தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுத் தலைவர் அவர்கள்

பொருள்: ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரித்த மறுசேர்க்கை மனித கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 2, புதிய லாட்டில் (தயாரிப்புத் தொகுதியில்) செயல்திறன் இல்லாமை

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உங்களிடம் வாங்கிய மேற்படி என்சைமின் புதிய லாட் வேலை செய்யவில்லை. இதைத் தெரிவித்தபோது, "உறையவைத்து உருக்கியதில் கெட்டிருக்கும், பஃபரைச் சரிபாருங்கள்" என்று சொல்லி உங்கள் தொழில்நுட்ப உதவிப் பிரிவு புகாரை முடித்துவிட்டது. அந்தப் பதிலை எங்களால் ஏற்க முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பார்சலைப் பிரித்தபோது உலர்பனி நிறையவே மிச்சமிருந்தது, குப்பியும் உறைந்த நிலையில்தான் இருந்தது. முதல்முறை உருக்கிய கையோடு சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிட்டோம். ஒவ்வொரு சோதனைக்கும் புதுக் குழாய்தான் எடுத்தோம். உங்களுடைய முந்தைய லாட்டிலும் கொஞ்சம் மீதி இருந்தது. இரண்டையும் ஒரே பிளேட்டில், ஒரே பஃபரில், அப்போதே கலக்கிய, என்சைம் உடைத்தால் மஞ்சள் நிறம் தரும் பாரா-நைட்ரோஃபீனைல் அசிட்டேட்டுடன் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் போட்டோம். பழைய லாட் இருந்த குழிகள் கண்ணெதிரே மஞ்சளாயின. புதிய லாட்டின் அளவீட்டுக் கோடோ, என்சைமே சேர்க்காத பிளாங்க் கோட்டின் மேல் அப்படியே படிந்தது. (இந்த சப்ஸ்ட்ரேட் தானாகவும் மெல்ல உடையும் என்பதால் பிளாங்க் இல்லாமல் நாங்கள் அளப்பதே இல்லை.) இந்த என்சைமைத் தடுக்கும் அசிட்டசோலமைடு சேர்த்ததும் பழையதில் வேகம் விழுந்தது, புதியதில் ஒரு மாற்றமும் இல்லை. பஃபர்தான் காரணம் என்றால் பழைய லாட் மட்டும் எப்படி வேலை செய்யும்?

புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் குறை எதுவும் தெரியவில்லை. 29, 30 கிலோடால்டன் பக்கம் ஒற்றை பேண்ட். '95 சதவீதத்துக்கு மேல் தூய்மை' என்று சான்றிதழ் சொல்வது உண்மைதான். ஆனால் புரதத்தைக் கொதிக்கவைத்து, அதன் மடிப்பையெல்லாம் குலைத்து ஓட்டும் எஸ்டிஎஸ் ஜெல்லில் துத்தநாகம் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? 94, 96, 119 ஆகிய இடங்களில் உள்ள மூன்று ஹிஸ்டிடின்கள் பிடித்து வைத்திருக்கும் ஒரே ஒரு துத்தநாக அயனியை நம்பித்தான் இந்த என்சைம் இருக்கிறது. அது இருந்தால் ஒரு மூலக்கூறு நொடிக்குச் சுமார் 10 லட்சம் கார்பன் டைஆக்சைடு மூலக்கூறுகளை பைகார்பனேட்டாக மாற்றும். அது இல்லாத வெறும் புரதமும் ஜெல்லில் அதே இடத்தில்தான் நிற்கும்.

அந்தச் சந்தேகத்தில், புதிய லாட்டுடன் ஜிங்க் சல்பேட் சேர்த்து வைத்திருந்து, மிகுதியை டயாலிசிஸ் செய்து நீக்கிவிட்டு மறுபடி அளந்தோம். குழிகள் மஞ்சளாயின. அசிட்டசோலமைடுக்கும் அடங்கின. உருகிச் சிதைந்த புரதம் துத்தநாகம் போட்டதும் இப்படித் திரும்பி வராது. ஆகவே கோளாறு உங்கள் தயாரிப்பில்தான் இருக்கிறது. வளர்ப்பு ஊடகத்தில் துத்தநாகம் போதவில்லையா, சுத்திகரிப்பில் உலோகத்தைப் பிடுங்கும் பொருள் ஏதும் பட்டதா என்பதை நீங்கள்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

சான்றிதழில் இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. செயல்திறன் என்ற இடத்தில் உள்ள எண், முந்தைய லாட்டின் எண்ணேதான், கடைசித் தசம இலக்கம் வரை. இந்த லாட்டை யாரும் அளக்கவே இல்லை, பழைய எண்ணை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

எங்களுக்கு வீணான சேர்மங்களையும் உழைப்பையும் விட எனக்குப் பெரிய கவலை வேறு. சல்ஃபோனமைடு வகைத் தடுப்பான்கள் நேராக அந்தத் துத்தநாகத்தில்தான் போய் ஒட்டும். செயல்திறனை அளக்காமல் பிணைப்பை மட்டும் பார்க்கும் ஆய்வகத்துக்கு இதே லாட் போயிருந்தால், நல்ல மூலக்கூறுகள் எல்லாம் 'ஒட்டவில்லை' என்று ஒதுக்கப்பட்டிருக்கும். பிழை புரதத்தில் இருப்பது அவர்களுக்குத் தெரியவே வழியில்லை. யாரோ பல மாதம் பாடுபட்டு உருவாக்கிய சேர்மம் குப்பைக்குப் போயிருக்கும். இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

இந்த லாட் விற்பனையை உடனே நிறுத்தி, வாங்கிய அனைவருக்கும் தகவல் அனுப்புங்கள். எங்களுக்கு வேறு லாட்டிலிருந்து மாற்றுக் குப்பி வேண்டும். அந்த லாட்டிலேயே அளந்த செயல்திறன் தரவையும், ஒரு புரதத்துக்கு எவ்வளவு துத்தநாகம் என்ற அளவையும் அதனுடன் இணையுங்கள். அப்படித் தர இயலாதென்றால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். நாங்களே துத்தநாகம் சேர்த்துப் பயன்படுத்திக்கொள்ளலாமே என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அப்படிச் செய்தால் எத்தனை பங்கு உயிர்பெற்றது என்பது தெரியாது. இறுக்கமாக ஒட்டும் தடுப்பான்களை அளக்கையில் செயல்படும் என்சைமின் செறிவு தெரியாவிட்டால் கணக்கே தப்பாகும்.

பிளேட் அளவீடுகள், ஜெல் படம், இரு லாட்டுகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். சந்தேகம் இருந்தால் மீதமுள்ள குழாய்களை உலர்பனியில் அனுப்பவும் தயார். பதிலை எழுத்துப்பூர்வமாக, அந்தச் சான்றிதழில் கையெழுத்திட்டவரிடமிருந்தே எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
என்சைம் ஆய்வகப் பொறுப்பாளர்