மிலானோவில இருக்கிற மகளுக்கு

அன்பு மகள்,

போன கிழமை போனில கதைக்கேக்க, எந்த நடிகை ஆரோட கடற்கரையில நிண்டவ எண்டு எழுதுறதுக்கா இவ்வளவு படிச்சனான், இதெல்லாம் ஒரு எழுத்தா அப்பா எண்டு கேட்டனி. உன்ர குரல் உடைஞ்சு கிடந்தது, எனக்கு உடன பதில் சொல்ல வரேல்ல, அதான் எழுதுறன். வேலைய விடுறதோ இருக்கிறதோ உன்ர முடிவு, அதில நான் தலையிடமாட்டன். ஆனா நீ இருக்கிற அதே மிலானோவில, உன்ர வயசுக்குக் கொஞ்சம் மேல, நீ செய்யிற அதே வேலைய செய்த ஒரு மனிசன்ர கதையக் கேட்டிட்டு முடிவெடு குஞ்சு.

செசாரே ஸவாத்தீனி, இத்தாலியச் சினிமாவுக்குக் கதை எழுதின பெரிய எழுத்தாளர். பள்ளிக்கூடத்தில பேர் சொல்லித் தந்திருப்பினம். எங்கட றெஜ்ஜோ எமிலியாப் பக்கத்து ஆள்தான், 'போ' எண்ட ஆத்தங்கரையில லுஸ்ஸாரா எண்டு சின்ன ஊர், 1902இல பிறந்தவர், தாய் தகப்பன் அங்க கோப்பிக்கடை நடத்தினவை. பார்மாவில சட்டம் படிக்கப் போய், அங்க ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில பிள்ளையளப் பாக்கிற வேலையும் செய்து, ஊர்ப் பேப்பரில எழுதப் பழகினவர். தகப்பன் மோசம் போக வீட்டுப் பொறுப்பு முழுக்க இவற்ற தலையில. மிலானோவுக்கு வந்து றிஸ்ஸோலி எண்ட பதிப்பகக் கம்பனியில முதல் கிடைச்ச வேலை என்ன தெரியுமோ, அச்சுப் பிழை திருத்துறது.

பிறகுதான் உன்ர வேலை வருது. 'சினேமா இல்லுஸ்த்ராட்ஸியோனே' எண்டு ஒரு சினிமாப் பத்திரிகை, அதில ஹொலிவூட் செய்தி எழுதினவர். எந்த நட்சத்திரம் விருந்தில என்ன சொன்னது, ஆருக்கு ஆரில கோவம், எல்லாம். இதில பெரிய விசயம் என்னெண்டா மனிசன் ஹொலிவூட் பக்கமே போனதில்லை, மிலானோவில மேசையில இருந்துகொண்டு வேற வேற பேரில தானே கற்பனையில எழுதினது. சனம் உண்மை எண்டு வாசிச்சது. நீயும் அப்பிடிச் செய் எண்டு நான் சொல்லமாட்டன், இண்டைக்கு அப்பிடி எழுதினா ஒருத்தற்ற வாழ்க்கை நாறிப்போம், அது கூடாது. ஆனா அந்தத் துண்டுச் செய்தியளில அவர் பழகினதை யோசிச்சுப் பார். நாலு வரியில ஒரு ஆளைக் கண்ணுக்கு முன்னால நிப்பாட்டுறது, வாசிக்கிறவன் அடுத்த பக்கம் புரட்ட முதல் அவனப் பிடிக்கிறது, ஒவ்வொரு கிழமையும் மனம் சரியோ சரியில்லையோ எழுதிக் குடுக்கிறது. நீ இப்ப தினம் செய்யிறது இதைத்தான், உனக்குத்தான் அது தெரியேல்ல.

அதே காலத்திலதான் 1931இல அவற்ற முதல் புத்தகம், 'என்னைப் பற்றி நிறையக் கதைப்பம்' எண்ட மாதிரித் தலைப்பு, ஒரு ஆவி ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு மறு உலகம் காட்டுற கதை, எல்லாம் சின்னச் சின்னத் துண்டுகள். நான் வாசிக்கேக்க இது பத்திரிகைக்காரன்ர கைதான் எண்டு உடன விளங்கினது, ஒரு இடத்திலயும் இழுக்கேல்ல. அலுவலகம் வேற இலக்கியம் வேற எண்டு அவர் பிரிச்சு வைக்கேல்ல. பிறகு மொண்டதோரி எண்ட மற்றப் பதிப்பகத்துக்குப் போய் பகிடிப் பத்திரிகை, சித்திரக்கதை எண்டு எதையும் விடேல்ல, சனி கிரகத்து ஆக்கள் பூமியோட சண்டைக்கு வாற சித்திரக்கதைக்கு 1936இல கதை போட்டதும் இவர்தான். 1935இல ஒரு படத்துக்குக் கதை, அதில நடிச்சவர் விட்டோரியோ தெ சீக்கா, பிறகு டைரக்டரா வந்தவர். அவை ரெண்டு பேற்ற பழக்கத்தில வந்த படங்கள்தான் பிறகு உலகத்தையே பாக்க வைச்சது.

இப்ப நான் சொல்ல வந்த இடம். தெ சீக்கா எடுத்து, இவர் எழுதின 'சைக்கிள் திருடர்கள்' படம், 1948. நீ பாத்தனி, என்னோட இருந்து. திரைக்கதையில இவரோட சேத்துக் கன பேற்ற பேர் போட்டுக் கிடக்கு, கதை லூயிஜி பர்த்தொலீனி எண்டவற்ற நாவல்ல இருந்து எடுத்தது, ஆனா நாவல்ல சைக்கிளத் தேடுறவர் ஒரு கலைஞர், படத்தில வேலை இல்லாத மனிசன். சைக்கிள் இருந்தாத்தான் வேலை, பெண்சாதி கட்டில் விரிப்புகளை அடகு வைச்சு சைக்கிளை மீட்டுக் குடுக்கிறா. அந்த வேலை என்ன வேலை? ரோமாபுரி மதிலுகளில சினிமா போஸ்டர் ஒட்டுறது. முதல் நாள், ஏணியில ஏறி நிண்டு றீட்டா ஹேவொர்த்தின்ர படத்தைச் சுருக்கம் விழாமல் தடவி ஒட்டிக்கொண்டு நிக்கேக்கதான் கீழ சைக்கிள் களவு போகுது. பிள்ளை, ஹொலிவூட் நட்சத்திரங்களப் பற்றி வருசக்கணக்கா எழுதின மனிசன்ர படம் அது, அந்த நட்சத்திரத்தின்ர முகத்தை ஒட்டுறவனைப் பார் எண்டு காட்டுது. அந்த இடம் வரேக்க எனக்கு ஒவ்வொரு தரமும் நெஞ்சு அடைக்கும். நாங்கள் இஞ்ச வந்த புதுசில எந்த வேலையெண்டாலும் போன ஆக்கள், ஒரு சைக்கிள் என்னெண்டு எங்களுக்குத் தெரியும். அதில நடிச்ச லம்பெர்த்தோ மஜ்ஜொறானியும் நடிகர் இல்லை, தொழிற்சாலைத் தொழிலாளி. அந்தப் படத்தின்ர திரைக்கதைக்கு ஸவாத்தீனிய ஒஸ்காருக்கும் பிரேரிச்சவை.

பிறகு அதே ரெண்டு பேற்ற 'உம்பெர்த்தோ டி.' படம், 1952. பென்சன் எடுத்த ஒரு கிழவர், ஒரு நாய், வாடகை குடுக்க ஏலாத நிலைமை. அதில வேலைக்காரப் பிள்ளை விடியக்காலம எழும்பி அடுப்பு மூட்டி, கோப்பிக்கொட்டை அரைச்சு, இருந்துகொண்டே காலால கதவைச் சாத்தப் பாக்கிற ஒரு இடம் இருக்கு, கதையா ஒண்டும் நடக்கேல்ல, ஆனா கண்ண எடுக்க ஏலாது. ஒண்டும் நடக்காத ஒருத்தன்ர ஒன்றரை மணித்தியாலத்தை அப்பிடியே படமா எடுக்கவேணும் எண்டு சொன்ன மனிசன் அவர். அப்ப அரசாங்கத்தில சினிமாவுக்குப் பொறுப்பா இருந்த ஜூலியோ அந்த்ரேயோத்தி இது நாட்டுக்குக் கெட்ட பேர் எண்டு வெளிப்படையாவே கடிதம் எழுதினவர். ஸவாத்தீனி அதுக்குப் பிறகும் அதே ஆக்களைத்தான் எழுதினவர். 1955இல அமெரிக்கப் படப்பிடிப்பாளர் போல் ஸ்ட்ராண்டோட சேந்து லுஸ்ஸாராச் சனத்தைப் பற்றி 'ஒரு ஊர்' எண்டு புத்தகம், படம் அவர் எடுக்க, ஊர்ச்சனம் தங்கட வாயால சொன்னதை இவர் எழுதி. பாலை, வயலை, கடனை, சண்டையில செத்த பிள்ளைய எண்டு அவை சொன்னதுதான் எழுத்து. அவற்ற கடிதங்கள், கையெழுத்துப் பிரதியள் எல்லாம் இப்ப எங்கட றெஜ்ஜோவில பனிட்சி நூலகத்திலதான் கிடக்கு, நீ சின்னனில படம் பாக்கிற புத்தகம் எடுத்த அதே நூலகம்.

நீ ஒருக்கா டிவி ஸ்ரூடியோவில உடுப்பு அயன் பண்ணுற ஈக்குவடோர்ப் பொம்பிளையைப் பற்றிச் சொன்னனி, நட்சத்திரங்கள் வர முதல் வந்து, அவை போன பிறகுதான் போறவ, ஆர் மெலிஞ்சது ஆர் அழுதது எண்டு உடுப்பிலயே அவவுக்குத் தெரிஞ்சிடும் எண்டு. அதைச் சொல்லேக்க நீ வேற ஆளாக் கதைச்சனி, நான் கவனிச்சனான். அந்த மனிசிய உனக்குக் காட்டினது இந்த வேலைதான் அம்மா. நீ வெறுக்கிற அந்த ஸ்ரூடியோக்குள்ள போகாட்டி அவவ நீ எங்க காணப்போறாய்? அவவின்ர சம்மதம் கேட்டு, அவ சொல்லுறதை அவ சொல்லுற மாதிரியே எழுது. ஆளை அடையாளம் தெரியிற மாதிரிப் போட்டு அவவின்ர வேலைக்கு உலை வைச்சிடாதை, அதில மட்டும் கவனம்.

எழுதினதை எனக்கு அனுப்பு, இத்தாலியனில எண்டாலும் பரவாயில்லை, அகராதி வைச்சு வாசிப்பன். ஓகஸ்ட் லீவுக்கு வரேக்க ரெண்டு பேருமா லுஸ்ஸாராவுக்குப் போவம், மனிசனைப் புதைச்சதும் அங்கதான். அம்மா மிளகாய்த்தூள் இடிச்சு வைச்சிருக்கிறா, வாற சனி மிலானோ வாற ஆக்களிட்டக் குடுத்து விடுறம், ஸ்டேசனில வந்து வேண்டு.

அன்புடன்
அப்பா