தையல் மிஷினை மூடி வைக்க நினைக்கும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். "மிஷின் பக்கத்துல போகவே பிடிக்கலக்கா, எல்லாத்தையும் மூடி வச்சிடலாமான்னு இருக்கு" என்று சொன்னாய். அதற்குப் போனில் பதில் சொன்னால் நடுவில் உன் பிள்ளை கூப்பிடும், இல்லை என் வீட்டு வாசலில் யாராவது அளவு பிளவுஸோடு வந்து நிற்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன். வீட்டில் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் வேறு பெண்களும் படிக்கட்டுமே என்று உன்னிடம் கேட்டுக்கொண்டு பொதுவில் போடுகிறேன். உன் பேரை எழுதவில்லை.

உனக்குத் தையல் வெறுத்துப் போய்விட்டது என்று நான் நம்பவில்லை. ஆனி முகூர்த்தத்துக்கு நீ தைத்த மாம்பழ மஞ்சள் பட்டு பிளவுஸின் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. பின் கழுத்தில் பைப்பிங் ஒரு இடத்தில்கூடச் சுருங்கவில்லை. வேலை வெறுத்தவள் அப்படித் தைக்க மாட்டாள். உன்னை வாட்டுவது வேலையைச் சுற்றி இருப்பவை. ராத்திரி பத்து மணிக்கு வரும் போன், "நாளைக்கே வேணும்" என்று வந்து நிற்கும் கஸ்டமர், மாதம் முழுக்கத் தைத்தும் கையில் நிற்காத காசு, வீட்டில் இருப்பதாலேயே கேஸ் சிலிண்டர் முதல் கேபிள்காரர் வரை எல்லாவற்றுக்கும் நீயே எழுந்து ஓடுவது. இதையெல்லாம் ஒரே நாளில் சரிசெய்ய முடியாது. ஆனால் ஒவ்வொன்றாக மாற்றலாம். ஆடி பிறக்கப் போகிறது, கல்யாண வேலை குறையும். இதைவிட நல்ல நேரம் வராது.

முதலில் நேரம். தெற்கு மாசி வீதியில் கடை வைத்திருப்பவருக்கு ஷட்டர் இருக்கிறது. ராத்திரி இறக்கிவிட்டால் யாரும் தட்டமாட்டார்கள். உன் முன்ரூமில் ஷட்டர் கிடையாது, அதனால் நீயே நேரம் குறிக்க வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு ஒன்பதரையில் இருந்து ஒரு மணி வரை கட்டிங்கும் தையலும். உச்சி வெயிலில் அந்த ரூமில் மிஷினில் உட்காருவது நம்ம ஊர்ச் சூட்டுக்கு உடம்பைக் கெடுக்கும். சாப்பிட்டுப் படு. நாலு மணியில் இருந்து ஆறு மணி வரை அளவெடுக்க, டெலிவரி கொடுக்க. கஸ்டமர் வருவது அந்த இரண்டு மணி நேரத்தில் மட்டும். ஹூக்கும் ஹெம்மிங்கும் மிச்சமிருந்தால் ஏழரை மணிக்குள் முடி. அப்புறம் மிஷின் மேல் துணியைப் போர்த்திவிடு.

வருகிறவர்கள் கோபித்துக்கொள்வார்களே என்று நீ கேட்பாய். இரண்டு பேர் முகம் சுளிப்பார்கள், அது நிஜம். மற்றவர்கள் பழகிக்கொள்வார்கள், டாக்டரைப் பார்க்கக்கூட நேரம் கேட்டுத்தானே போகிறார்கள். வாட்ஸ்அப் பிசினஸ் என்று தனி ஆப் இருக்கிறது, இலவசம்தான். அதில் வேலை நேரத்தைப் போட்டு வைக்கலாம். அந்த நேரத்துக்கு வெளியே மெசேஜ் வந்தால் நீ எழுதி வைத்த பதில் தானாகப் போகும். "வணக்கம், காலை 9.30-க்குப் பதில் சொல்கிறேன்" என்று இருந்தால் போதும். உன் சொந்த நம்பரையும் தொழில் நம்பரையும் பிரித்துவிடு. சித்தி அனுப்பும் குட்மார்னிங் பூவுக்கும் கஸ்டமர் அனுப்பும் கழுத்து டிசைனுக்கும் நடுவில் நீ நாள் முழுக்க அலைகிறாய். இந்த ஒரு மாற்றமே மனசைப் பாதி லேசாக்கும்.

தேதி சொல்வதையும் மாற்று. இப்போது யார் எந்தத் தேதி கேட்டாலும் "சரிக்கா, ஆகும்" என்கிறாய். ஒரு நாளில் உன்னால் நிதானமாக எத்தனை பிளவுஸ் முடியும் என்று உனக்குத் தெரியும். காலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் அத்தனை கோடு போடு. கோடு நிரம்பினால் அந்த நாள் முடிந்தது. முகூர்த்த பிளவுஸுக்கு முகூர்த்தத் தேதியை எழுதாதே, அதற்கு ஐந்து நாள் முன்னால் எழுது. பிடிப்பாக இருக்கிறது, தோள் இறங்குகிறது என்று எப்படியும் ஒரு திருத்தம் வரும். அந்த ஐந்து நாள் இல்லாததால்தான் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி நீ பிரிக்கிறாய், தைக்கிறாய், அழுகிறாய். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்கும் நீ மிஷினில் இருந்தாய். ஊரே வைகைக் கரையில் நின்றபோது உன் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷம் அந்த நாளைக் காலண்டரில் இப்போதே அடித்துவிடு.

இனி காசு. உன் சோர்வுக்குப் பெரிய காரணம் இதுதான் என்று எனக்குப் படுகிறது, நீ சொல்லக் கூச்சப்படுவதும் இதைத்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லைனிங் பிளவுஸுக்கு 400 ரூபாய் வாங்குகிறாய் என்று வை. லைனிங் துணி, நூல், ஹூக், கரண்ட் எல்லாம் சேர்ந்து 100 போகட்டும். மீதி 300. வெட்டி, தைத்து, ஓரம் பிரியாமல் ஓவர்லாக் போட்டு, ஹெம்மிங் முடிக்க மூன்று மணி நேரம் என்றால் மணிக்கு 100 ரூபாய். சரிதானே என்று தோன்றும். ஆனால் அளவெடுத்த நேரம், டிசைன் பார்த்துப் பேசிய நேரம், திருத்திக் கொடுத்த நேரம், லைனிங் கலர் தேடி விளக்குத்தூணுக்குப் போய் வந்த நேரம் எல்லாம் எங்கே போயிற்று? ஒரு பிளவுஸுக்கு இன்னொரு மணி நேரம் சேர்த்தால் உன் கூலி மணிக்கு 75 ஆகிவிடுகிறது. ஆரி வேலைக்கு, அதான் துணியைக் கட்டையில் இழுத்துக் கட்டி ஊசியால் போடும் எம்ப்ராய்டரிக்கு, இதே கணக்கைப் போட்டுப் பார், இன்னும் வலிக்கும். ஜர்தோசிச் சரிகையும் முத்தும் வைத்துக் கை நிறைய வேலை செய்த பிளவுஸுக்கு, நாள் கணக்காகக் கட்டைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்ததை யார் விலையில் சேர்த்தார்கள்?

ஆகவே ஆடி முழுக்க ஒரே ஒரு காரியம் செய். எந்தத் துணிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று நோட்டில் எழுது. எடுத்த நேரம், முடித்த நேரம், செலவு. ஆவணி முதல் தேதியில் இருந்து புது ரேட். பலகையில் எழுதிச் சுவரில் மாட்டு. சாதா, லைனிங், பிரின்சஸ் கட், ஃபால்ஸ், குஞ்சம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. பலகை இருந்தால் பேரம் பேசுகிறவரிடம் நீ வாய் திறக்க வேண்டியதில்லை. ஆரிக்குப் பாதி அட்வான்ஸ் வாங்காமல் ஊசியைத் தொடாதே. சொந்தக்காரர்கள் என்றால் குறைத்துக் கொடு, அது உன் இஷ்டம். ஆனால் எவ்வளவு குறைத்தாய் என்று நோட்டில் எழுது. வருஷக் கடைசியில் அந்தத் தொகையைக் கூட்டிப் பார்த்தால் உனக்கே ஒரு தெளிவு வரும்.

வருகிற பணம் வீட்டு டப்பாவிலேயே விழுவதால்தான் அது கண்ணில் படாமல் கரைகிறது. தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்து, கியூஆர் கோடை அதோடு இணை. மாதம் ஐந்தாம் தேதி அதில் இருந்து உன் சம்பளம் என்று ஒரு தொகையை எடு. ஐயாயிரமாக இருந்தாலும் சரி, அது உன் சம்பளம். பிள்ளைக்கோ வீட்டுக்கோ எதற்குச் செலவழிப்பது என்பது அப்புறம். மிச்சத்தில் நூலும் கேன்வாஸும் வாங்கு, மிஷின் ரிப்பேருக்கு ஒதுக்கு.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு ஒருவர் 2,000 ரூபாய் கேட்டார் என்றாயே, கொடுக்காதே. அரசின் உத்யம் தளத்தில் ஆதாரை வைத்து நீயே பதியலாம், கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. உன் அளவிலான தையல் வேலைக்கு ஜி.எஸ்.டி. பயமும் வேண்டாம், சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சு. சிறுதொழிலுக்குக் கொடுக்கும் முத்ரா கடனில் சிசு பிரிவில் 50,000 வரை கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மனசு சோர்ந்திருக்கும்போது கடன் வாங்கி இன்னொரு மிஷின் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ரேட் சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம்.

வீட்டில் இருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "வீட்லதானே இருக்க" என்று உன் அத்தை சொல்வதில் கெட்ட எண்ணம் இல்லை. அவர்கள் பார்த்த வரையில் வேலை என்றால் காலையில் கிளம்பி வெளியே போவது. ஆனால் நம்ம மதுரையில் வீட்டுக்குள் உட்கார்ந்து பெண்கள் பார்த்த வேலையில்தான் எத்தனை வியாபாரம் நடந்திருக்கிறது! சுங்குடிச் சேலைக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் கட்டிய அசல் சுங்குடியில் புள்ளி புள்ளியாகத் தெரிவது ஒவ்வொன்றும் துணியைக் கிள்ளி நூலால் கட்டிய முடிச்சு. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. சமையலுக்கும் பிள்ளைக்கும் நடுவில் வீட்டுப் பெண்கள் கட்டியவை அவை. அப்பளம் இட்டவர்களும் அப்படித்தான். கடையில் சேலைக்கு ஒரு பேர் இருந்தது, கட்டிய கைக்குப் பேர் இல்லை. அவர்களுக்கு விலையும் தேதியும் வேறொருவர் சொன்னார். உனக்கு இரண்டையும் நீயே சொல்ல முடிகிறது. அதை நீ கைவிடுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

உன் வீட்டுக்காரரிடம் அந்த நோட்டைக் காட்டு. சண்டையாக வேண்டாம், கணக்காகக் காட்டு. ஒரு மாதம் எத்தனை மணி நேரம் உழைத்தாய், எவ்வளவு வந்தது என்று எழுத்தில் பார்த்தால் நிறையப் பேருடைய பேச்சு மாறிவிடும், என் வீட்டில் மாறியது. காலை ஒன்பதரைக்கு மேல் சிலிண்டர்காரர் வந்தால் அத்தை கதவைத் திறக்கட்டும். சாயங்காலம் பிள்ளையின் ஹோம்வொர்க்கை உன் வீட்டுக்காரர் பார்க்கட்டும். கேட்டால் செய்வார்கள், நீ கேட்பதில்லை.

இன்னொன்று, தனிமை. நாள் முழுக்க ஒரு ரூமில் மிஷின் சத்தத்தோடு மட்டும் இருந்தால் யாருக்கும் மனசு வறண்டு போகும். ராத்திரி படுத்துக்கொண்டு யாரோ ஒருத்தியின் கல்யாண பிளவுஸ் ரீல்ஸைப் பார்த்துவிட்டு, "நான் எங்கே இருக்கேன்க்கா" என்கிறாய். அந்த ரீலில் முடிந்த பிளவுஸ் மட்டும்தான் தெரியும், அவளுடைய பிரித்துத் தைத்த ராத்திரிகள் தெரியாது. ரீல்ஸைக் குறைத்துவிட்டு, நேரில் இரண்டு பேரைப் பிடி. உங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் தைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். போட்டி என்று ஒதுங்காதே. உன் காலண்டர் நிரம்பினால் அவர்களிடம் அனுப்பு, அவர்களுக்கு ஆரி வந்தால் உன்னிடம் அனுப்பட்டும். நூலையும் ஹூக்கையும் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம்.

பெண்கள் வட்டமாக உட்கார்வதால் என்ன நடக்கும் என்று நம்ம ஊருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அழகர்கோயில் பக்கத்துக் கிராமத்தில் வயல் கூலி வேலை பார்த்த சின்னப்பிள்ளை அம்மா, களஞ்சியம் சேமிப்புக் குழுக்களில் பெண்களைச் சேர்த்தார். 2001-ல் டெல்லியில் ஸ்த்ரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார். 2019-ல் பத்மஸ்ரீ. அந்த விருதுகளைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, கந்துவட்டிக்குப் போன கைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கள் காசைத் தாங்களே சேர்த்ததுதான். நீங்கள் நாலு தையல்காரப் பெண்கள் வாரம் ஒரு நாள் டீ குடித்துக்கொண்டு ரேட்டைப் பற்றிப் பேசினாலே போதும். ஒருத்தி 250-க்குத் தைத்துக் கொடுத்து மற்றவர்களுடைய கூலியையும் இறக்குவது அங்கேயே நின்றுவிடும்.

கண்ணைப் பார்த்துக்கொள். ஆரி ஊசியை மணிக்கணக்கில் உற்றுப் பார்ப்பவளுக்குச் சாயங்காலம் வரும் தலைவலி மனக்கவலையால் மட்டும் வருவது இல்லை. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையை நிமிர்த்தி ஜன்னல் வழியாகத் தூரத்தில் இருப்பதைக் கொஞ்ச நேரம் பார். விளக்கை உன் நிழல் துணியில் விழாதபடி வை. முதுகு சாய நாற்காலி வாங்கு, அது தொழில் செலவு. அண்ணா நகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் கண்ணைக் காட்டிவிட்டு வா, தள்ளிப்போட்டது போதும்.

இவ்வளவையும் ஆடிக்குள் செய்ய முடியாது என்று எனக்கும் தெரியும். நேரமும் நோட்டும் மட்டும் இந்த மாதம். ரேட் பலகை ஆவணிக்கு. தீபாவளி ஆர்டர் குவிவதற்குள் காலண்டரில் கோடு போட்டுப் பழகிவிடு. அதற்கப்புறமும் மூடத்தான் வேண்டும் என்று தோன்றினால், மூடு. நான் உன்னைத் தடுக்க மாட்டேன், உன் அத்தையிடமும் உன் வீட்டுக்காரரிடமும் நானே வந்து பேசுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறேன். அதுவரை தைப்பதையெல்லாம் நோட்டில் எழுதி வை, சேர்ந்து கூட்டிப் பார்க்கலாம். வரும் வழியில் விளக்குத்தூணில் இறங்குவேன், லைனிங் என்னென்ன கலர் வேண்டும் என்று சனிக்கிழமைக்குள் சொல்லிவிடு.

அன்புடன்,
அக்கா
பழங்காநத்தம், மதுரை